அரிசி, வெங்காயம், ரத்தம்: தாமான் துன்னில் கிடைக்கும் மோர்சியா

கோலாலம்பூர் தாமான் துன்னில் ஒரு கடைவீட்டின் மாடியில் சின்ன ஸ்பானிய உணவகம் ஒன்று இருக்கிறது. நான் அங்கே போவது ஒரே ஒரு பதார்த்தத்துக்காக. அரிசியும் வெங்காயமும் ரத்தமும் கலந்து, குடலில் அடைத்து வேகவைத்த ரத்த சாசேஜ். ஸ்பெயின்காரர்கள் மோர்சியா என்பார்கள். பன்றி ரத்தம், பன்றிக் கொழுப்பு. பன்றி சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கடையில் வேலையில்லை. ஹலால் அல்ல என்று வாசல் கதவிலேயே மலாயில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள், அதிலும் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒரு தடவையாவது போய்ச் சாப்பிட வேண்டும் என்பேன்.

தட்டில் நான்கு துண்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். வெளியே கறுப்பு. வெட்டிய முகத்தைப் பார்த்தால் கறுப்பு இல்லை, அடர்ந்த பழுப்பு. அதில் வெள்ளை வெள்ளையாக அரிசி. துண்டின் இரண்டு பக்கமும் வாணலிச் சூட்டில் முறுகியிருக்கும். அந்த மேல்பரப்பில் இருக்கும் அரிசி மட்டும் பொரிந்து, கடித்தால் நொறுங்கும். அதற்குக் கீழே முள்கரண்டியை வைத்தாலே போதும், புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். வெங்காயத்தைத் தேடினால் கண்ணில் படாது. ஆனால் முதல் வாயிலேயே ஒரு இனிப்பு தெரிகிறதே, அது வெங்காயம்தான். அப்புறம் கொழுப்பு. கடைசியில் மிளகு வந்து தொண்டையில் நிற்கும். உப்பு குறைவு. இது சமையல்காரர் கை மறந்து விட்டது இல்லை. நல்ல மோர்சியா உப்பு மட்டாக, கொழுப்பாக, காரமாக இருக்க வேண்டும் என்று ஸ்பெயினில் ஒரு சொலவடையே உண்டு. மூன்றும் இந்தத் தட்டில் இருக்கின்றன.

ரத்த வாடை வருமா என்று கேட்பவர்களுக்கு: வராது. இரும்பு வாசனை லேசாக இருக்கும், ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு அது பழக்கமான வாசனைதான். பினாங்கு கறி மீயில் வரும் ரத்தக் கட்டிக்கு வழவழப்பு உண்டு. அது பிடிக்காமல் ஒதுக்கி வைக்கிறவர்கள்கூட இதைச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இங்கே வழவழப்புக்கே இடமில்லை, அரிசி பார்த்துக்கொள்கிறது.

பக்கத்தில் தோலுரித்த சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் இரண்டு துண்டு ரொட்டியும் வைக்கிறார்கள். குடைமிளகாய் அவசியம் வேண்டும், அந்தப் புளிப்பும் இனிப்பும் இல்லாவிட்டால் மூன்றாவது துண்டிலேயே திகட்டும். ரொட்டி சுமார்.

எனக்கு இந்தக் கடைமேல் மரியாதை வந்ததற்குச் சுவை மட்டும் காரணமில்லை. மெனு அட்டையில் 'அரிசி மோர்சியா, எங்கள் சமையலறையில் செய்தது' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அரிசி போட்ட மோர்சியா என்றாலே புர்கோஸ் ஊர்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைக் காணோமே என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். கிள்ளான் பையன், நம்ம பிள்ளை.

"இல்லக்கா, இது இங்கயே செய்யறது. புர்கோஸ்ல செஞ்சாத்தான் புர்கோஸ்னு போடணும்னு செஃப் கண்டிப்பா சொல்லிட்டாரு."

"யாருக்குத் தெரியப் போவுது தம்பி?"

"அதையேதான் நானும் கேட்டேன். எனக்குத் தெரியுமேன்னாரு."

அந்த சமையல்காரர் புர்கோசுக்குப் பக்கத்து மாகாணமான பலென்சியாவைச் சேர்ந்தவர். கூட்டம் குறைந்ததும் மேசைக்கு வந்து நின்று பேசினார். அவர் சொன்னதும், நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்து கீழே.

புர்கோஸ் ஸ்பெயினின் வடக்கே, காஸ்தீலியா மேட்டுநிலத்தில் இருக்கும் குளிர் ஊர். பன்றி அடிப்பது அங்கே குளிர்காலத்து வேலை. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளை ஒட்டித் தொடங்கும். ஒவ்வொரு பன்றிக்கும் அதன் சான் மார்த்தின் வந்தே தீரும் என்று அங்கே பழமொழி இருக்கிறது. அடித்ததும் முதல் வேலை ரத்தம்தான், ஏனென்றால் அது காத்திருக்காது. பாத்திரத்தில் விழ விழ ஒருவர் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். கலக்காவிட்டால் உறைந்துவிடும். நம் பக்கத்தில் நேர்மாறு: பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் வைத்துப் பிடித்து, கட்டியாக உறையட்டும் என்று விட்டுவிடுவோம். நமக்குக் கட்டி வேண்டும், உதிர்க்க. அவர்களுக்கு நீர்மமாக வேண்டும், குடலில் அடைக்க. இரண்டு ஊர்ச் சமையலும் பிரியும் இடம் இதுதான். வெங்காயம், மிளகு, சீரகம் எல்லாம் இரண்டிலும் உண்டு.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புர்கோஸ் மோர்சியாவில் அதிகம் இருப்பது ரத்தம் இல்லை, வெங்காயம். ஓர்கால் என்று ஒரு வகை அந்த வட்டாரத்தில் விளைகிறது. பெரியது, வெள்ளை, நீர்ச்சத்து கூடுதல், காரம் குறைவு. அங்கே எழுதி வைத்திருக்கும் தயாரிப்பு விதிப்படி வெங்காயம் 35 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அரிசி 15 முதல் 30 வரை. ரத்தத்துக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் போதும். அப்புறம் கொழுப்பு, உப்பு, மிளகு, மற்ற மசாலா. புர்கோசில் நெல் விளையாது. அரிசி வலென்சியா போன்ற கீழைக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தது. இன்று அந்த ஊரின் அடையாளமே அந்த அரிசிதான். பக்கத்திலிருக்கும் லியோன் மோர்சியாவில் அரிசி கிடையாது, வெங்காயமும் ரத்தமும்தான். வடக்கே அஸ்தூரியாஸ் மோர்சியாவைப் புகை போட்டு உலர்த்துவார்கள். அது பெரிய வெள்ளை பீன்சோடு சேர்த்து வேகவைக்கிற ஃபபாதா என்ற குழம்புக்குப் போகும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பெயரை மட்டும் எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஓர் அனுபவம் உண்டு. தலைநகரில் வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம், மெனுவில் பெரிதாகப் புர்கோஸ் மோர்சியா என்று போட்டிருந்தார்கள். 50 வெள்ளிக்கு மேல் விலை. வந்த தட்டில் ஓர் அரிசிகூட இல்லை. புகை வாடை தூக்கலாக, தோல் சுருங்கி, உள்ளே இறுகிப்போன ஒன்று. பரிமாறியவரிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே மோர்சியாதான், மேடம்" என்றார். ஒரே மோர்சியா இல்லை. அஸ்தூரியாஸ்காரருக்கும் அது அவமானம், புர்கோஸ்காரருக்கும் அவமானம். காசு கொடுத்த எனக்கு ஏமாற்றம். பீன்சோடு வேகவைத்து, சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதையே சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பேன்.

இதற்குத்தான் பெயரைப் பாதுகாக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஏற்பாடு 1992இல் வந்தது. இரண்டு முத்திரைகள் இருக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் போட்ட முத்திரை என்றால் அந்தப் பொருள் தொடக்கம் முதல் முடிவு வரை அந்த வட்டாரத்திலேயே உருவாகியிருக்க வேண்டும். நீலமும் மஞ்சளும் என்றால் விளைவிப்பது, பதப்படுத்துவது, தயாரிப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒரு கட்டமாவது அங்கே நடந்திருக்க வேண்டும். புர்கோஸ் மோர்சியாவுக்கு நீல முத்திரை 2018இல்தான் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ரத்தப் புட்டிங்கு ஐந்து வருடம் முந்திக்கொண்டது, அது 2013. அதில் அரிசிக்குப் பதில் ஓட்ஸ், பன்றிக் கொழுப்புக்குப் பதில் மாட்டுக் கொழுப்பு. ஜெர்மனியில் துரிங்கியாவின் சிவப்பு ரத்த சாசேஜுக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஏழை வீட்டுச் சமையல் என்று ஒரு காலத்தில் தள்ளிவைத்தவை இவை. இன்று ஷாம்பெயின் போன்றவற்றுக்குப் பக்கத்தில் சட்டப் பாதுகாப்போடு உட்கார்ந்திருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

முத்திரை பாதுகாப்பது பெயரைத்தான், செய்முறையை இல்லை. அரிசி போட்டு மோர்சியா செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேறெங்கோ செய்ததற்குப் புர்கோஸ் என்று பெயர் வைக்கத்தான் முடியாது. ஐரோப்பாவுக்குள் 'புர்கோஸ் பாணி', 'புர்கோஸ் மாதிரி' என்று சுற்றி வளைத்துப் போட்டாலும் தப்புதான். நம் நாட்டு நிலைமை வேறு. இங்கேயும் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு: 2000இல் வந்ததை 2022இல் புதிதாகப் போட்டார்கள். ஆனால் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் அந்தக் கடுமையான பாதுகாப்பு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும்தான். மற்ற பொருள்களுக்கு, வாங்குபவரை ஏமாற்றக் கூடாது என்ற அளவோடு நிற்கிறது. 'புர்கோஸ் பாணி' என்று தாமான் துன்னில் ஒருவர் மெனுவில் போட்டால் நாளைக்கே யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. அப்படியிருந்தும் இவர் போடவில்லை. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அதே மெனுவில் வேறொரு பெயரைத் தைரியமாகப் போட்டிருக்கிறார்: சரவாக் மிளகு. நம் நாட்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. அவர் வாங்குவதும் சரவாக்கிலிருந்து வருவதைத்தான், பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். மோர்சியாவில் கறுப்பு மிளகைக் கொரகொரப்பாக உடைத்துப் போடுகிறார். பல்லில் சிக்கும்போது அந்த வாசனை தனியாகத் தெரிகிறது. ஓர்கால் வெங்காயம் இங்கே கிடைக்காது. நம் இந்தியச் சிவப்பு வெங்காயத்தைப் போட்டுப் பார்த்தாராம், காரம் தூக்கிவிட்டதாம். இப்போது ஹாலந்து வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வடியவிட்டுப் போடுகிறார். குடல், கொழுப்பு, ரத்தம் மூன்றும் உள்ளூர். அரிசி மட்டும் ஸ்பெயினிலிருந்து வரும் குட்டை அரிசி.

கலவையைக் குடலில் முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும். அரிசி உள்ளே வெந்து ஊதும், இடம் விடாவிட்டால் வெடித்துவிடும். தண்ணீரும் கொதிக்கக் கூடாது. கொதி வருவதற்கு முன்னாலேயே தீயைக் குறைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். வெந்ததா என்று பார்க்க ஊசியால் குத்துவார். சிவப்பாக வந்தால் இன்னும் ஆகவில்லை. தெளிவாக வந்தால் எடுத்துவிடலாம். வேகவைத்த தண்ணீரை அவர்கள் ஊரில் கொட்ட மாட்டார்களாம். மிளகும் கொழுப்பும் இறங்கிய அந்தச் சாற்றைக் குளிருக்குச் சூப்பாகக் குடிப்பார்கள். இங்கே மெனுவில் அது இல்லை. கேட்டால் ஒரு கிண்ணம் தருகிறார்கள், செய்த நாளாக இருந்தால். எனக்கு மிளகு ரசம் குடித்த திருப்தி கிடைத்தது. அதைக் கட்டாயம் கேளுங்கள்.

முழு மோர்சியாவை வாங்கிக்கொண்டும் போகலாம். காற்று நீக்கிய பையில், ஏறக்குறைய 300 கிராம், 45 வெள்ளி. செந்தூலில் எங்கள் வீட்டில் பெரியம்மா இருக்கிறார், அவருக்காகத்தான் வாங்கினேன். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் படையல் போட்டால், அன்றைக்கு ரத்தப் பொரியல் அவர் கையால்தான். உறைந்த ரத்தத்தை மஞ்சள் போட்டு வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்ப்பார். சட்டியில் சின்ன வெங்காயம் மட்டும் ரத்தத்துக்குச் சமமாக விழும். பச்சை மிளகாய், கருவேப்பிலை, இடித்த மிளகு சீரகம், இறக்கும் நேரத்தில் ஒரு கை தேங்காய்ப் பூ. அதற்கு இணையாக நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

மோர்சியாவைக் குளிராக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், சூடேறினால் உதிரும். எண்ணெய் வேண்டாம். வாணலியை நடுத்தரத் தீயில் காயவைத்து, துண்டுகளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதன் கொழுப்பே கசிந்து வந்து அடியை முறுக்கும். அவசரப்பட்டுக் கிளறினால் பொரியலாகிவிடும். மூன்று நிமிடம் கழித்து ஒரே தடவை திருப்பினால் போதும்.

பெரியம்மா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"இதுல எதுக்குப் பிள்ள அரிசி போட்டிருக்கான்?"

"அந்த ஊர் வழக்கம் பெரியம்மா."

"வழக்கமா? ரத்தம் பத்தாதப்ப பெருக்கறதுக்குப் போட்டிருப்பானுங்க. ஒரு பன்னிய அடிச்சா ஊரே சாப்பிடணும்ல?"

நான் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வாயில் சொல்லிவிட்டார். இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார். மிளகு சரியாக இருக்கிறது, சீரகம் பத்தவில்லை என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அதே எண்ணம்தான். மீதியை மறுநாள் உதிர்த்து, சின்ன வெங்காயமும் கருவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தார். புர்கோஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். நன்றாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்று பெரியம்மாவின் ரத்தப் பொரியலை ஒரு தாளில் எழுதினேன். எவ்வளவு ரத்தத்துக்கு எவ்வளவு வெங்காயம், எப்போது உப்பு, தேங்காய் எந்த நேரத்தில் என்று. கேட்கக் கேட்க அவருக்கே ஆச்சரியம், இதையெல்லாமா எழுதுவார்கள் என்று. எழுதத்தான் வேண்டும். புர்கோஸ்காரர்களிடம் இருப்பதும் எழுதி வைத்த ஒரு விதிதானே: இத்தனை விழுக்காடு வெங்காயம், இத்தனை அரிசி, இந்தக் குடல். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு வாங்கின. அவற்றுக்கும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். தோட்டத்து ரத்தப் பொரியலுக்கு முத்திரை கேட்டு நான் நிற்கவில்லை. ஆனால் தோட்டங்கள் போய்விட்டன, படையல் குறைந்துவிட்டது. ஆட்டு ரத்தம் வேண்டுமென்றால் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அளவுகளைக் கேட்டு எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, கடைக்கு வருவோம். குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு துண்டுக்கு 38 வெள்ளி, அதன் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு வரியும். இரண்டு பேருக்குச் சரியான அளவு, தனியாகப் போகிறவருக்கு அதிகம். இரண்டு துண்டாகவும் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு யோசிக்கிறேன் என்றார்கள். இன்னும் மாற்றவில்லை. ஒரு முறை அரிசி தூக்கலாக இருந்தது. நீர் குறைந்து, வாயில் ஒட்டியது. வீட்டில் அளவு பார்த்துச் செய்யும் பண்டத்தில் அப்படி நேர்வதுதான், ஆனாலும் இந்த விலைக்கு அது நேரக் கூடாது. ஒயின் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மற்ற பதார்த்தங்களில் பூண்டு இறால் நன்று. உருளைக்கிழங்கு ஆம்லெட் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாடிப்படி செங்குத்து, மின்தூக்கி கிடையாது. முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவை நான் அழைத்துப் போகாததற்கும் இதுதான் காரணம். வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிட எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கி நடந்து போவது எளிது.

மோர்சியா வியாழக்கிழமை காலையில்தான் செய்கிறார்கள். அன்று மாலையே போனால் சூப்பும் கிடைக்கும், வீட்டுக்கு எடுத்துப் போக முழுசும் கிடைக்கும். சனிக்கிழமை இரவுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. முதல் நாளே கூப்பிட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பரிமாறும் தம்பியிடம் சொன்னால், முறுகல் அதிகமாக வரும் முனைத் துண்டையும் பார்த்துப் போட்டுத் தருவார்.